ஜென்னி வாவிக்கரையில் ஒரு வியாபாரியின் கணக்கு

வெறுமனே கிடக்கும் காணிக்கு என்ன விலை சொல்லலாம்? காணி வியாபாரம் செய்யும் நம்மவர்களிடம் கேட்டால், பாதை எத்தனை அடி, மின்சாரம் வந்திருக்கிறதா, எத்தனை பேர்ச்சாகத் துண்டு போடலாம் என்று திருப்பிக் கேட்பார்கள். கட்டவும் கூடாது, உழவும் கூடாது, துண்டு போடவும் கூடாது, அப்படியே விட்டுவிட வேண்டும் என்பதற்காகவே ஏக்கர் ஒன்றுக்கு ஒன்றரை இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்து 640 ஏக்கரை ஒருவர் வாங்கினார் என்றால், வாங்கியவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். 2024 டிசெம்பரில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் அப்படித்தான் ஒரு விற்பனை நடந்தது. விற்றது மாநில அரசாங்கம். வாங்கியது கிராண்ட் டீட்டன் தேசிய பூங்கா. விலை 100 மில்லியன் டொலர்.

அந்தக் காணியையும் அதைச் சூழ்ந்த மலைகளையும் வாவிகளையும் 2025 செப்டெம்பரில் ஒரு நாள் முழுவதும் பார்த்து வரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. டென்வர் நகரில் ஆண்டுதோறும் செப்டெம்பரில் மாணிக்கக்கல், கனியக் கண்காட்சி நடப்பதை நமது பேருவளை, இரத்தினபுரி வியாபாரிகள் அறிவார்கள். அதற்குப் போயிருந்தபோது அங்கே தொழில் பார்க்கும் என் சகோதரியின் மகன், “மாமா, கல்லை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் எப்படி? மலையையும் பாருங்கள்” என்று காரில் ஏற்றிவிட்டார். எட்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட ஓட்டம். வழியெல்லாம் புல்வெளியும் காற்றும்தான். இரவு ஜெக்சன் நகருக்கு அப்பால் தங்கினோம். நகருக்குள் அறை வாடகை கேட்டவுடனேயே அப்பால் போய்விட்டோம் என்பதே சரி.

டீட்டன் மலைகளின் விசேடம் என்னவென்றால் அவற்றுக்கு அடிவாரக் குன்றுகள் இல்லை. நமது நாட்டில் நுவரெலியாவுக்குப் போனால் கித்துல்கலையில் ஏறத் தொடங்கி, ஹட்டன், தலவாக்கலை என்று படிப்படியாக உயருவோம். இங்கே அப்படியல்ல. சமதரையில் நின்று பார்த்தால் கண்முன்னே ஒரு சுவர் எழுந்து நிற்கிறது. பள்ளத்தாக்கின் தரையே கடல் மட்டத்திலிருந்து 6,800 அடி அளவில் உள்ளது. அதற்கு மேல் இன்னும் ஏழாயிரம் அடி நேராக உயர்ந்து, கிராண்ட் டீட்டன் சிகரம் 13,775 அடியில் முடிகிறது. நிலத்தில் ஒரு பெரிய வெடிப்பு இருக்கிறது. அதன் ஒருபக்கம் மேலெழும்ப, மறுபக்கம் கீழிறங்க, பல மில்லியன் ஆண்டுகளில் இந்தச் சுவர் உண்டானது. பின்பு பனியாறுகள் இறங்கி வந்து மலையைக் குடைந்து, கொண்டுவந்த கல்லையும் மண்ணையும் அடிவாரத்தில் அணைக்கட்டுப் போலக் குவித்துவிட்டு உருகிப் போயின. அந்த இயற்கை அணைகளுக்குப் பின்னால் தேங்கியவைதான் ஜென்னி, லீ, ஃபெல்ப்ஸ் முதலிய வாவிகள்.

காலை ஏழு மணிக்கே ஜென்னி வாவிக்குப் போய்ச் சேர்ந்தோம். தாமதித்தால் வாகனத் தரிப்பிடம் நிரம்பிவிடும் என்று மருமகன் அவசரப்படுத்தினார். அவர் சொன்னது சரிதான். நாங்கள் திரும்பி வந்தபோது வீதியோரத்தில் நீண்ட தூரத்துக்குக் கார்கள் நின்றன. பூங்கா வாசலில் ஒரு காருக்கு 35 டொலர் கட்டினோம். எத்தனை பேர் இருந்தாலும் அதே தொகை. ஏழு நாளைக்குச் செல்லும்.

வாசலில் கட்டும் பணம் எங்கே போகிறது என்று கேட்பது என் பழக்கம். அமெரிக்காவில் இதற்கு 2004இல் ஒரு சட்டம் செய்திருக்கிறார்கள். அறவிடும் கட்டணத்தில் குறைந்தது நூற்றுக்கு எண்பது, அறவிட்ட பூங்காவிலேயே செலவாக வேண்டும். மீதிதான் வருமானம் குறைந்த ஏனைய பூங்காக்களுக்குப் பகிரப்படும். திறைசேரிக்குப் போய்க் கடலில் கரைத்த பெருங்காயமாக அது ஆவதில்லை. ஆகவே பாதையில் ஒரு கல் பெயர்ந்திருந்தால் அதைச் சரிசெய்ய மேலிடத்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. நாங்கள் நடந்த பாதையில் கருங்கல் படிகள் மிக ஒழுங்காகப் பதிக்கப்பட்டிருந்தன. அந்தப் படிகளில் ஒரு பகுதிச் செலவைத் தனியார் நன்கொடையாளர்கள் ஏற்றிருக்கிறார்கள். பூங்காவுக்கென்றே ஒரு நன்கொடை நிதியம் இயங்குகிறது.

வாவியின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குப் படகு ஓடுகிறது. போய்வர ஒருவருக்கு இருபது டொலர் அளவில். விரும்பாதவர்கள் கரையைச் சுற்றி நடக்கலாம். முழுச் சுற்று ஏழு மைலுக்கும் அதிகம். நாங்கள் படகில் போய் நடந்து திரும்புவது என்று முடிவு செய்தோம். பத்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். தண்ணீர் பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறம். தொழில் புத்தியால் அதற்கு ஒரு கல்லின் பெயர் சொல்லப் பார்த்தேன். பொருத்தமான கல் அகப்படவில்லை.

இந்தப் படகுச் சேவை அரசாங்கத்தினுடையதல்ல. தனியார் நடத்துகிறார்கள். பூங்காவுக்குள் இருக்கும் தங்குவிடுதி, கடை, படகு எல்லாமே இவ்வகைதான். நிலம் அரசாங்கத்துக்கு, தொழில் நடத்தும் உரிமை மட்டும் குறித்த காலத்துக்குத் தனியாருக்கு. 1998இல் இதற்கென ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் பொதுவாகப் பத்து ஆண்டுக்கு. எக்காரணம் கொண்டும் இருபதைத் தாண்டக் கூடாது. தவணை முடிந்ததும் பகிரங்கமாகக் கேள்விமனுக் கோர வேண்டும். அதற்கு முன்னர், ஏற்கனவே நடத்துபவருக்கே மீண்டும் கொடுக்கும் முன்னுரிமை இருந்தது. பெரிய கம்பனிகளுக்கு அந்தச் சலுகையை இச்சட்டம் நீக்கிவிட்டது. வருமானத்தில் ஒரு வீதத்தை நடத்துபவர் பூங்காவுக்குச் செலுத்துகிறார். அதிலும் நூற்றுக்கு எண்பது அதே பூங்காவில் தங்குகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. படகுக் கட்டணத்தையும் கடையில் விற்கும் தண்ணீர்ப் போத்தலின் விலையையும் பூங்கா நிருவாகம் அங்கீகரிக்க வேண்டும். வெளியே அதே பொருள் என்ன விலைக்குப் போகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தே அனுமதிக்கிறார்கள். மலை உச்சியில் வேறு கடை இல்லை என்பதற்காக வாடிக்கையாளரின் கழுத்தில் கத்தி வைக்க முடியாது. நமது நாட்டின் சில சுற்றுலாத் தலங்களில் ஒரு செவ்விளநீருக்குக் கேட்கும் விலையை நினைத்துக்கொண்டேன்.

மேற்குக் கரையில் இறங்கி அரை மைல் ஏறினால் ‘மறைந்த நீர்வீழ்ச்சி’ என்ற பெயருடைய அருவி. நூறடி அளவு உயரம். பெயருக்கேற்பக் கிட்டப் போகும் வரை சத்தம்தான் வருகிறது, ஆளைக் காணவில்லை. அதற்கு மேலே இன்னும் அரை மைல், பாறையைக் குடைந்த குறுகிய பாதையில் ஏறினால் ‘இன்ஸ்பிரேஷன் பொயின்ட்’ என்னும் பாறை முனை. உயரம் 7,200 அடி. ஹோர்ட்டன் சமவெளியும் ஏறக்குறைய இதே உயரம்தான். ஆகவே மூச்சு வாங்குவது புதிதல்ல. ஆனால் ஐம்பதைத் தாண்டிய முழங்கால் இரு இடங்களிலும் ஒன்றல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த முனையில் உட்கார்ந்துதான் நாங்கள் கட்டிக்கொண்டு போன சாப்பாட்டை உண்டோம். கீழே முழு வாவி. அதற்கப்பால் மஞ்சளாகப் பழுத்த ஆஸ்பென் மரங்கள். அதற்கும் அப்பால் பள்ளத்தாக்கு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையாக விரிந்து கிடந்தது. அதில் ஒரு கூரை இல்லை. விளம்பரப் பலகை இல்லை. ஒரு தொலைபேசிக் கோபுரத்தைக்கூட என் கண்ணால் பிடிக்க முடியவில்லை.

“அரசாங்கக் காணி, அதனால்தான் இப்படி இருக்கிறது” என்று நான் சொன்னபோது மருமகன் சிரித்தார். “இல்லை மாமா, இதெல்லாம் ஆட்களுடைய தோட்டந்துரவு. ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கித்தான் வெறுமையாக்கியிருக்கிறார்கள்” என்றார். அதன் பிறகு அந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன். வியாபாரம் செய்பவர்கள் அறிய வேண்டிய வரலாறு அது.

1929இல் பூங்கா முதன்முதலாக அமைக்கப்பட்டபோது மலைத்தொடரும் அடிவாரத்திலுள்ள ஆறு சிறு வாவிகளும் மாத்திரமே அதற்குள் அடங்கின. காரணம் இலகுவானது. மலையில் எவராலும் மாடு மேய்க்கவோ உழவோ முடியாது. ஆகவே அதைக் கொடுப்பதில் எவருக்கும் நட்டமில்லை. பணம் தரக்கூடிய பள்ளத்தாக்கு வெளியே விடப்பட்டது. அங்கே குடியேறியவர்கள் ஆளுக்கு 160 ஏக்கர் என்ற கணக்கில் அரசாங்கத்திடமிருந்து ஏறக்குறைய இலவசமாகக் காணி பெற்றவர்கள். அவர்களுக்கு முன்னே அங்கு வேட்டையாடித் திரிந்த ஷொஷோனி மக்களுக்கு எவரும் விலை கொடுத்ததாகத் தெரியவில்லை. ஜென்னி வாவிக்குப் பெயர் தந்த ஜென்னியும் ஒரு ஷொஷோனிப் பெண்தான். வழிகாட்டியாக இருந்த ஒரு வெள்ளையரின் மனைவி. 1876இல் பெரியம்மை கண்டு பிள்ளைகளோடு இறந்துபோனார்.

குடியேறியவர்களின் பாடும் இலேசானதாக இருக்கவில்லை. மண் கல்லும் மணலும். உறைபனி இல்லாத காலம் ஓரிரு மாதமே. முதலாம் உலகப் போருக்குப் பின் மாட்டு விலை வீழ்ந்தது. 1925இல் 97 பேர் கையொப்பமிட்டு, நியாயமான விலை கிடைத்தால் காணிகளை விற்கத் தயார், இப்பள்ளத்தாக்கு பொதுமக்களின் பொழுதுபோக்குக்கு ஒதுக்கப்படட்டும் என்று மனுக் கொடுத்திருக்கிறார்கள். மறுபக்கத்தில், கார்கள் வரத் தொடங்கியதும் ஜென்னி வாவிக்குப் போகும் வீதியில் எரிபொருள் நிலையம், விளம்பரப் பலகை, நடன மண்டபம் எல்லாம் முளைத்தன.

1926இல் எண்ணெய்க் கோடீஸ்வரரான ஜோன் டி. ரொக்பெல்லரின் மகன், இளைய ரொக்பெல்லர், குடும்பத்தோடு இங்கு வந்தார். அப்போது யெலோஸ்டோன் பூங்காவின் அதிகாரியாக இருந்த ஹொரஸ் ஓல்பிரைட் அவரை அழைத்துக்கொண்டு சுற்றிக் காட்டினார். மலையையும் காட்டினார், அதன் முன்னால் நின்ற பலகைகளையும் காட்டினார். நல்ல தரகர் என்றே சொல்ல வேண்டும். ரொக்பெல்லர் பள்ளத்தாக்கு முழுவதையும் வாங்கி நாட்டுக்குக் கொடுத்துவிடத் தீர்மானித்தார்.

ஆனால் ரொக்பெல்லர் வாங்குகிறார் என்று தெரிந்தால் நாற்பது டொலர்க் காணி நானூறாகும். அதனால் 1927இல் ‘ஸ்நேக் ரிவர் லேண்ட் கம்பனி’ என்ற பெயரில் ஒரு கம்பனி பதியப்பட்டது. உள்ளூரில் காணி வாங்கிக் கொடுக்கும் வேலையை ஜெக்சன் நகரின் வங்கி உரிமையாளர் ரொபர்ட் மில்லரிடம் ஒப்படைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் மில்லர் தேசிய பூங்காத் திட்டத்தை எதிர்த்தவர். யாருக்காக வாங்குகிறோம் என்பது ஆரம்பத்தில் அவருக்கே தெரியாது. 1930இல்தான் பெயர் வெளியானது. மொத்தத்தில் ஏறக்குறைய 35,000 ஏக்கரை 1.4 மில்லியன் டொலர் அளவுக்கு வாங்கி முடித்தார்கள். ஏக்கருக்குச் சராசரி நாற்பது டொலர்.

பெயர் தெரிந்ததும் ஊர் கொதித்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்றார்கள். 1933இல் செனட் சபையின் உபகுழுவொன்று ஜெக்சனுக்கே வந்து விசாரித்தது. கம்பனி சட்டத்துக்கு முரணாக எதையும் செய்யவில்லை என்பதே முடிவு.

சட்டம் அப்படிச் சொன்னாலும் ஒரு வியாபாரி என்ற முறையில் இதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. சீனங்கோட்டை மாணிக்கச் சந்தையில் பெரிய வாங்குநர் தானே வந்து கல்லைக் கையில் எடுப்பதில்லை. எடுத்தால் விலை ஏறும், தரகரைத்தான் அனுப்புவார். விற்பவருக்கும் அது தெரியும். அதில் எவரும் குற்றம் காண்பதில்லை, கொடுத்த விலை சந்தை விலையாக இருந்தால் சரி. அன்று அந்தக் கம்பனி கொடுத்ததும் அக்கால விலையை விடக் குறைவல்ல என்றே விசாரணையில் தெரிந்தது. ஆனால் கல்லை விற்றவன் அடுத்த வீட்டுக்காரனைப் பாதிப்பதில்லை. காணி அப்படியல்ல. பத்துப் பேர் விற்றுவிட்டுப் போனால் பதினோராவது ஆளின் பிள்ளைக்குப் பாடசாலை இல்லாமல் போகும். ஆதன வரி குறைந்து வீதி திருத்த ஆளில்லாமல் போகும். தன் விலையை மட்டும் அறிந்து விற்றவருக்கு ஊரின் கதி என்னவாகும் என்பதை அறிய வழி இருக்கவில்லை. அன்றைய கோபத்தின் நியாயம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்தக் கோபத்தினால் காணியை இனாமாகக் கொடுக்கவும் முடியாமல் போனது. வாங்கியதை ஏற்றுக்கொள்ளக் காங்கிரஸ் மறுத்தது. பதினைந்து ஆண்டுக்கு மேல் ரொக்பெல்லர் வரி கட்டிக்கொண்டிருந்தார். 1942இல் பொறுமை இழந்து, அரசாங்கம் ஏற்காவிட்டால் வேறு எவருக்காவது விற்றுவிடுவேன் என்று எழுதினார். 1943 மார்ச்சில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், காங்கிரஸைக் கேட்காமலே தன் அதிகாரத்தால் 221,000 ஏக்கரைத் தேசிய நினைவுச் சின்னமாகப் பிரகடனம் செய்தார். அதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாடுகளைத் திரட்டி, அனுமதியின்றி அந்தக் காணியின் குறுக்கே ஓட்டிச் சென்றார்கள். ஹொலிவூட் நடிகர் வொலஸ் பியரியும் துப்பாக்கியோடு குதிரையில் கூடப் போனார்.

கடைசியில் 1950இல் பேரம் படிந்தது. முதல் ஆண்டே ரொக்பெல்லர் தன் காணிகளைக் கையளித்திருந்தார். பழைய பூங்காவோடு அவை சேர்க்கப்பட்டன. பதிலுக்கு ஊருக்குக் கிடைத்தவை: இழந்த ஆதன வரிக்குப் படிப்படியாகக் குறையும் நட்டஈடு, அப்போது மேய்ச்சலுரிமை வைத்திருந்தவர்களுக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் உரிமை தொடரல், இனிமேல் வயோமிங்கில் காங்கிரஸின் சம்மதமின்றி எந்த ஜனாதிபதியும் இப்படிப் பிரகடனம் செய்ய முடியாது என்ற உறுதி. அன்று மாடு ஓட்டிப் போனவர்களில் ஒருவர் கிளிபர்ட் ஹென்சன். பின்னர் மாநில ஆளுநராகவும் செனட்டராகவும் ஆனவர். பூங்காவை எதிர்த்தது தவறு என்று பிற்காலத்தில் பகிரங்கமாகவே சொன்னார்.

பாறை முனையிலிருந்து இறங்கித் தென்கரை வழியாக இரண்டரை மைல் அளவு நடந்து காருக்குத் திரும்பினோம். பைன் மரக் காட்டுக்குள் ஓர் ஆண் எல்க் மான் கத்தியது. செப்டெம்பர் அவற்றின் இணை தேடும் காலம். அவ்வளவு பெரிய மிருகத்திலிருந்து புல்லாங்குழல் போன்ற சத்தம் வருவதை நம்பவே முடியவில்லை. கரடிக்கும் ஓநாய்க்கும் நூறு யார் தள்ளி நிற்க வேண்டும், ஏனைய மிருகங்களுக்கு இருபத்தைந்து யார். சட்டம் அது.

பிற்பகலில் மெனர் படகுத்துறைக்குப் போனோம். 1894இல் பில் மெனர் என்பவர் ஸ்நேக் ஆற்றங்கரையில் குடியேறி, கம்பிவடத்தில் கட்டிய படகொன்றை ஓட்டினார். ஆற்றைக் கடக்க வேறு வழி கிடையாது. வண்டிக்கு 50 சதம், குதிரைக்காரனுக்கு 25 சதம். 1918இல் மோட் நோபிள் என்ற பெண்மணி அதை விலைக்கு வாங்கிக் கட்டணத்தை உயர்த்தினார். வயோமிங் இலக்கத்தகடு உள்ள காருக்கு ஒரு டொலர், வெளிமாநிலக் காருக்கு இரண்டு டொலர். உள்ளூருக்கு ஒரு விலை, வெளியூருக்கு ஒரு விலை என்பது நமது சிகிரியாவில் மட்டும் பிறந்த யோசனையல்ல! 1927இல் இரும்புப் பாலம் வந்ததும் அவரது தொழில் படுத்தது. பள்ளத்தாக்கைக் காக்க என்ன செய்யலாம் என்று 1923இல் ஊரார் சிலர் ஓல்பிரைட்டோடு கூடிப் பேசியதும் இதே பெண்மணியின் மரவீட்டில்தான். வீடு இன்றும் இருக்கிறது.

அங்கிருந்து கிழக்கே ‘மோர்மன் ரோ’ என்னும் பழைய பண்ணைவரிசை. சனங்கள் விற்றுவிட்டுப் போன பின் எஞ்சிய மரக் களஞ்சியங்கள் மலையைப் பின்னணியாகக் கொண்டு நிற்கின்றன. உலகில் அதிகம் படமெடுக்கப்பட்ட களஞ்சியங்கள் என்கிறார்கள். சுற்றிலும் காட்டெருமைகள் மேய்ந்தன. சற்றுத் தெற்கே கெல்லி என்ற சிற்றூருக்கு அருகில்தான் முதலில் சொன்ன 640 ஏக்கர் கிடக்கிறது. பார்ப்பதற்குப் புதரும் புல்லும். அவ்வளவுதான். ஆனால் பிரொங்ஹோர்ன் என்ற மானினம் ஆண்டுதோறும் நூறு மைலுக்கும் அதிகமாக இடம்பெயரும் வழி அதனூடாகப் போகிறது.

வயோமிங் 1890இல் மாநிலமானபோது, பாடசாலைகளுக்கு வருமானம் தேடுவதற்கென்று மத்திய அரசு அதற்கு ஆங்காங்கே சதுர மைல் கணக்கில் காணி கொடுத்தது. நமது பள்ளிவாசல் வக்பு சொத்தைப் போல அதை ஒரு நம்பிக்கைப் பொறுப்பாகவே மாநிலம் வைத்திருக்க வேண்டும். பாடசாலைக்கு ஆகக் கூடிய பயனைப் பெற்றுக்கொடுக்க வேண்டும். கெல்லிக் காணி அவற்றுள் ஒன்று. மேய்ச்சல் வாடகையாக ஆண்டுக்குச் சில ஆயிரம் டொலரே வந்தது. 2023இல் அதை ஏலத்தில் விட யோசித்தார்கள், ஆரம்ப விலை 80 மில்லியன். யாராவது கோடீஸ்வரர் எடுத்து மாளிகைகள் கட்டிவிடுவார் என்று மக்கள் ஆயிரக்கணக்கில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். முடிவில் பூங்காவுக்கு 100 மில்லியனுக்கு விற்றார்கள். அதில் 37.6 மில்லியன் தனியார் நன்கொடை. மீதி மத்திய அரசின் காணிப் பாதுகாப்பு நிதியிலிருந்து வந்தது. இதே போன்ற இன்னொரு 640 ஏக்கர் 2016இல் 46 மில்லியனுக்குப் போயிருந்தது.

கணக்கைப் பாருங்கள். 1930 அளவில் ஏக்கர் 40 டொலர். 2016இல் ஏறக்குறைய 72,000. 2024இல் 156,250. பணவீக்கத்தைச் சேர்த்துப் பார்த்தாலும் அன்றைய நாற்பது டொலர் இன்று ஆயிரத்தைத் தாண்டாது. காணியில் ஒரு செங்கல் வைக்காமல் இந்த ஏற்றம் வந்தது. சுற்றிலும் எதுவும் கட்டப்படவில்லை என்பதாலேயே வந்தது.

இந்த ஏற்றத்துக்கு மறுபக்கம் உண்டு. ஜெக்சன் நகரம் இருக்கும் டீட்டன் மாவட்டத்தில் நூற்றுக்கு 97 பங்கு காணி பொதுச் சொத்து. மிஞ்சிய மூன்று பங்கில்தான் வீடும் கடையும். மாநிலத்தில் வருமான வரியும் இல்லை. ஆகவே நாடு முழுவதிலுமிருந்து பணக்காரர்கள் வந்து வீடு வாங்கியிருக்கிறார்கள். தலைக்கு வருமானத்தில் அமெரிக்காவிலேயே முதலிடத்தில் இருக்கும் மாவட்டம் இது. ஆனால் கோப்பை கழுவுபவரும் பஸ் ஓட்டுபவரும் ஆசிரியரும் எங்கே இருப்பது? நாங்கள் கோப்பி குடித்த கடையில் பணிபுரிந்த இளைஞரிடம் கேட்டேன். மலைக்கு அப்பால் ஐடஹோ மாநிலத்தில் குடியிருப்பதாகவும், தினமும் டீட்டன் கணவாயைக் கடந்து வருவதாகவும் சொன்னார். 2024 ஜூனில் அந்தக் கணவாய் வீதியில் ஒரு பெரிய துண்டு சரிந்து விழுந்து, தற்காலிகப் பாதை போடும் வரை மூன்று வாரம் அளவில் மூடப்பட்டது. அரைமணி, முக்கால் மணியில் வந்தவர்கள் அதைப் போல் இருமடங்கு நேரம் சுற்றி வந்தார்களாம். “முதலாளிமார் அப்போதுதான் எங்களை எண்ணிப் பார்த்தார்கள்” என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஹோர்ட்டன் சமவெளியைச் சுற்றியோ நுவரெலியா கிரகறி வாவியைச் சுற்றியோ அபிவிருத்தி என்ற பேச்சு வரும்போதெல்லாம் இரண்டு கட்சிகள்தான் எழுகின்றன. ஹோட்டல் கட்டினால் தொழில் வரும் என்பது ஒன்று. எதையும் தொடக் கூடாது என்பது மற்றது. வெறுமைக்கும் ஒரு விலை உண்டு, அதை யார் கொடுப்பது, அதன் இலாபம் யாருக்குப் போவது, அங்கே உழைப்பவர் எங்கே உறங்குவது என்ற மூன்று கேள்விகளையும் ஒருங்கே வைத்துப் பேசியவர்களை நான் இன்னும் காணவில்லை. டீட்டனில் முதலாவதற்கு விடை கண்டிருக்கிறார்கள். இரண்டாவதற்குப் பாதி. மூன்றாவதில் அவர்களும் திணறுகிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு முக்கிய தகவல். நான் திரும்பி வந்து இரண்டு மாதத்தில் அமெரிக்க அரசு புதிய கட்டணமொன்றை அறிவித்தது. 2026 ஜனவரி முதல், மக்கள் அதிகம் செல்லும் பதினொரு பூங்காக்களில் அந்நாட்டில் வசிக்காத வெளிநாட்டவர் வாசல் கட்டணத்துக்கு மேலதிகமாகத் தலைக்கு 100 டொலர் செலுத்த வேண்டும். கிராண்ட் டீட்டனும் அருகிலுள்ள யெலோஸ்டோனும் அந்தப் பதினொன்றில் அடங்கும். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இல்லை. எல்லாப் பூங்காக்களுக்கும் செல்லும் ஆண்டு அனுமதி, அந்நாட்டில் வசிப்பவருக்கு 80 டொலர், வெளிநாட்டவருக்கு 250 டொலர். அங்கே வசிப்பவர் வரி கட்டுகிறார், ஆகவே வித்தியாசம் இருப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. நாமும் அதைத்தானே செய்கிறோம். ஆனால் மோட் நோபிள் இருமடங்குதான் கேட்டார். குடும்பமாகப் போகிறவர்கள் தலைக் கட்டணத்தையும் ஆண்டு அனுமதியையும் கூட்டிக் கழித்துப் பார்த்த பின்பே பணம் கட்ட வேண்டும். ஜென்னி வாவிப் படகு கோடையிலும் செப்டெம்பரிலும் மட்டுமே ஓடும். காலை ஏழு மணிக்கு முன் போய்விடுங்கள். செப்டெம்பரில் போனால் விடியற்காலையில் கைவிரல் விறைக்கும். நண்பகலில் சட்டையைக் கழற்றத் தோன்றும். கரடி விரட்டும் மிளகாய்த் தெளிப்பானை ஜெக்சனிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். விமானத்தில் கொண்டுபோகவும் விடமாட்டார்கள், கொண்டுவரவும் விடமாட்டார்கள்.